பொருள்: பள்ளிக்கூடத்துப் பழைய அறைக்குப் பெயர்ப்பலகை (ஓரல் ஹிஸ்டரி, ஆர்கைவ்: தமிழில் என்ன?)

ஊத்துக்குளி டீச்சர் எழுதியது:

கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு நூற்றாண்டு விழா. சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருந்த ஓட்டுக் கட்டட அறையைத் தலைமை ஆசிரியர் ஒழித்துக் கொடுத்துவிட்டார். பழைய சேர்க்கைப் பதிவேடுகள், குழுப் படங்கள், ஒரு கைமணி, ஊர்க்காரர்கள் பெஞ்சும் பீரோவும் வாங்கிக் கொடுத்த பட்டியல் எல்லாம் அங்கே வைக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் போனில் பதிந்து வருவார்கள். அதுவும் அங்கேதான்.

அறைக்குப் பலகை வேண்டும். பிளெக்ஸ் கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் மேட்டர் கேட்கிறார். பயிற்சியில் தந்த தாளில் எல்லாம் ஆங்கிலம்: பெரியவர்கள் வாயால் சொல்வதைப் பதிந்தால் ஓரல் ஹிஸ்டரி, பழைய பதிவேடுகளைக் காத்து வைக்கும் இடம் ஆர்கைவ். நான் "வாய்மொழி வரலாறு – ஆவணக் காப்பகம்" என்று எழுதிக் கரும்பலகையில் போட்டேன். "வாய்மொழித் தேர்வா டீச்சர், மார்க் உண்டா?" என்றாள் ஒருத்தி. காப்பகம் என்றதும் ஒரு பையன், "சத்தியமங்கலத்துல புலிக்கு வெச்சிருக்காங்களே, அது மாதிரிங்களா?" தாத்தா பாட்டி பேச்சை அங்கே வைக்கப் போகிறோம் என்று விளக்கினால், முதியோர் காப்பகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நல்ல சொல்லாக ஒன்று சொல்லுங்கள்.

சீனாபுரத்தான் எழுதியது:

டீச்சருக்கு வாழ்த்து. பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதற்காகச் சொல்லைத் தள்ளக் கூடாது. ஆவணம் நமக்குச் சங்க காலத்துச் சொத்து. அகநானூறு 77-ஆம் பாட்டில், கயிறு கட்டிய குடத்துக்குள் கிடக்கும் ஓலையை எடுக்க, மேலே இட்ட பொறியைப் பார்த்து நீக்குகிறவர்களை மருதன் இளநாகனார் "ஆவண மாக்கள்" என்கிறார். கடைவீதிக்கும் ஆவணம் என்றே பெயர். கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடத்துப் பெயரே அதற்கு எழுதிய ஓலைக்கும் வந்தது என்பது என் கருத்து. இதை எங்கும் நிறுவத் தயார்.

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் தனக்கு அடிமை என்று ஓலை காட்டி வழக்காடுகிறார் கிழவராக வந்த சிவன். திருவெண்ணெய்நல்லூர் அவையார் அவரிடம் கேட்கும் சான்று மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி (பிறர் சாட்சி). சுந்தரர் கிழித்தது படி ஓலை. மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது. அதன் கையெழுத்தைச் சரிபார்க்கச் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை "அரண்தரு காப்பில்" இருந்து வரவழைத்து ஒப்பு நோக்கினார்கள். டீச்சர் கேட்ட ஆர்கைவ் இதுதானே? சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே சொல் கொடுத்துவிட்டார். ஆர்கைவ் = அரண்காப்பு. ஓரல் ஹிஸ்டரி = அயற்காட்சி.

திருப்பூர் தம்பி எழுதியது:

ஐயா, கோவிச்சுக்காதீங்க. அரண்காப்பு என்று பலகை வைத்தால் போலீஸ் ஸ்டேஷன் என்று நினைப்பார்கள். அயற்காட்சி டிவி சேனல் பெயர் போல இருக்கிறது. பஸ், பேங்க், ரேஷன் எல்லாம் சொல்கிற ஊரில் "ஆர்கைவ்" என்று தமிழ் எழுத்தில் போட்டால் என்ன குறை? உங்கள் நன்னூல் பவணந்தியே "பழையன கழிதலும் புதியன புகுதலும்" வழுவல்ல என்றாரே.

சீனாபுரத்தான் எழுதியது:

பவணந்தியை என்னிடமே காட்டுகிறீர்களா? அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதே எங்கள் பக்கத்து வழக்கு. கால வகையினால் புகுவது வேறு, சோம்பலினால் புகுவது வேறு தம்பி. வடசொல்லையே எழுத்தை மாற்றித்தான் உள்ளே விடச் சொல்கிறார் தொல்காப்பியர். ஆர்கைவ் என்பதில் வல்லின வகரம் ஒன்று நிற்கிறதே, அதை எந்த விதியில் முடிப்பீர்கள்?

திருப்பூர் தம்பி எழுதியது:

வகரம் இடையினம் ஐயா :)

சேலத்துக்காரன் எழுதியது:

சண்டையை நிறுத்த ஒரு செய்தி. கலைச்சொல்லுக்கென்றே 1916-இல் எங்கள் சேலத்தில் இராஜாஜி ஒரு சங்கம் வைத்தார். அதன் பெயர் என்ன தெரியுமா? "தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம்". தமிழ்ச் சொல் தேட வந்த சங்கத்தின் பெயரில் தமிழ் என்ற சொல்லும் சங்கமும் போக மிச்சம் எல்லாம் வடமொழி. (சங்கமும் வடமொழிதான் என்று யாராவது வருவீர்கள். வாருங்கள்.)

அப்புறம், அவிநாசிலிங்கம் ஐயாவின் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் பத்துத் தொகுதி போட்டதே, அதற்குக் கலைக்களஞ்சியம் என்று பெயர். முதன்மை ஆசிரியர் மொடக்குறிச்சிப் பக்கத்துத் தூரன். நெல் கொட்டுகிற களஞ்சியத்தை அறிவுக்கு எடுத்தார்கள், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பள்ளிக் களஞ்சியம் என்று வையுங்களேன்.

கோவை நூலகர் எழுதியது:

களஞ்சியம் என்ற சொல் ஆங்கில ரெபாசிட்டரிக்கும் என்சைக்ளோபீடியாவுக்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சுமை வேண்டாம். எழும்பூரில் 1909 முதல் இயங்கும் மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸ்தான் இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசு வழக்கு அது. ஈழத்தவர்கள் சுருக்கி "ஆவணகம்" என்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. பள்ளிக்குப் பள்ளி ஒரு பெயர் வைத்தால் நாளைக்குத் தேடுகிறவர் எந்தச் சொல்லை அடித்துத் தேடுவார்? பட்டியலில் சேராத சரக்கு தொலைந்த சரக்குதான். என் வாக்கு: வாய்மொழி வரலாறு, ஆவணகம்.

காங்கேயத்து அக்கா எழுதியது:

நான் ஊர் ஊராகப் போய்ப் பதிகிறவள். இங்கே யாரும் சொல்லாத ஒன்று. நம்ம பக்கம் ஆவணம் என்றால் காட்டுப் பத்திரம். ஆவண எழுத்தர் உட்கார்ந்திருப்பது சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில். "உங்ககிட்ட பழைய ஆவணம் ஏதாச்சும் இருக்குங்களா ஆத்தா?" என்று ஒரு சாளையில் (தோட்டத்து வீட்டில்) கேட்டேன். திறந்து வைத்திருந்த தகரப் பொட்டியை அந்த ஆத்தா மூடிவிட்டார். "பட்டா எல்லாம் பையங்கிட்ட இருக்குது, அவன் வரட்டும்." பொட்டிக்குள் மேலாக இருந்தது ஐந்தாம் வகுப்புப் படம். பங்காளி வழக்கு நடக்கிற வீட்டில் இந்தச் சொல்லை வாயில் எடுத்தால் மோர் கூடக் கிடைக்காது.

பதிவுக்கு அனுமதி கேட்கும் கையெழுத்துப் படிவமும் அப்படித்தான். கைநாட்டு என்றதும் பதறிவிடுவார்கள். பதிவு தொடங்கும்போதே "நான் சொல்றதப் பள்ளிக்கூடத்துல வெச்சுக்கட்டும், பசங்க கேக்கட்டும்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள் டீச்சர். அது இசைவா ஒப்புதலா சம்மதமா என்று இங்கே பிறகு அடித்துக்கொள்ளலாம்.

ஓரல் ஹிஸ்டரிக்கு எதற்குப் புதுச்சொல்? நம்மிடம் "பழமை" இருக்கிறது. "வாங்க, ஒக்காந்து பழமை பேசலாம்" என்றால் கொங்கு நாட்டில் எந்த அப்பாருக்கும் (தாத்தாவுக்கும்) புரியும். பழசும் அதுதான், பேச்சும் அதுதான். பள்ளிப் பழமை என்று வையுங்கள்.

ஊத்துக்குளி டீச்சர் எழுதியது:

அக்கா, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே! எங்கள் அம்மாயி தினமும் சொல்கிற சொல்.

பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு மேல் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறார்கள்! வாத்தியார் சேர்க்கையன்று வயதுக்கு ஒப்ப எழுதிக்கொண்டது. "விலகிய காரணம்" என்ற கட்டத்தில் ஒரு பையனுக்கு "மாடு மேய்க்க" என்று இருக்கிறது. பெண் பிள்ளைகள் பலருக்கு வெறும் கோடு. அந்தக் கோட்டுக்கு என்ன காரணம் என்று அவர்களைக் கேட்டால்தான் உண்டு. பிள்ளைகளின் முதல் கேள்வியாக அதையே வைத்துவிட்டேன்.

சேலத்துக்காரன் எழுதியது:

மன்னிக்கணும், கொங்கு தாண்டினால் பழமை என்பது பழைய தன்மை மட்டும்தான். மதுரைக்காரர் பள்ளிப் பழமை என்று படித்தால் கட்டடம் இடியப் போகிறது என்று நினைப்பார். பழமைவாதம் வேறு இருக்கிறது.

காங்கேயத்து அக்கா எழுதியது:

பலகை ஊத்துக்குளியில்தானே தொங்குகிறது. மதுரையிலா?

சீனாபுரத்தான் எழுதியது:

இரவெல்லாம் யோசித்தேன். அக்கா சொன்ன சொல்லுக்கு வேர் வள்ளுவரிடம் இருக்கிறது. 81-ஆம் அதிகாரம், பழைமை. அங்கே அதன் பொருள் பழைய பொருளன்று, நெடுநாள் பழகிய நட்பின் உரிமை. பழகு, பழக்கம், பழைமை. பழகியவரோடுதான் மனம்விட்டுப் பேச்சு வரும். ஆகவே பழைமை பேசுதல் என்பது பழகியவர் உரையாடல் என்றாகி, பிறகு பேச்சு என்றே நின்றது. உடுக்கடிப் பாட்டுக்காரர்களுக்கும் அவர்கள் பாடும் கொங்கு நாட்டு அண்ணமார் சாமி கதையைக் கேட்கும் ஊராருக்கும் இடையே உள்ளதும் இந்த உரிமையே. 1965-இல் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அக்கதையை நாடாவில் பதிந்தது, அங்கேயே தங்கிப் பழகியதால்தான் கூடிற்று. அரச்சலூர்க் கல்வெட்டில் தாளத்துக்கு எழுத்தைப் புணர்த்த வண்ணக்கன் தேவன் சாத்தனையும் இதில் சேர்த்துப் பார்க்க இடமுண்டு. அது தனி மடல்.

திருப்பூர் தம்பி எழுதியது:

தனி மடலாகவே இருக்கட்டும் ஐயா. இன்று வியாழக்கிழமை.

பதிந்த பேச்சை எழுதி வைக்கிற டிரான்ஸ்கிரிப்டுக்கு என்ன? எழுத்துப்பெயர்ப்பு என்றால் டிரான்ஸ்லிட்டரேஷன் (ஒரு மொழிச் சொல்லை வேறு மொழி எழுத்தில் எழுதுவது) ஆகிவிடும்.

சீனாபுரத்தான் எழுதியது:

பேச்சுப்படி. மூல ஓலை, படி ஓலை என்று சேக்கிழார் சொன்ன அதே படி. ஒலிப்பதிவு மூலம், எழுதியது படி.

காங்கேயத்து அக்கா எழுதியது:

இது நன்றாக இருக்கிறதுங்க ஐயா. பேச்சின்படியே எழுத வேண்டும் என்றும் ஆகிறது. பிள்ளைகள் எழுதும்போது திருத்திவிடுகிறார்கள். ஒரு பெரியவர் "எங்கப்பாரு பண்ணயம் பாத்துட்டு ரவைக்குத்தான் பள்ளிக்கூடத்துத் திண்ணைல எழுத்துப் படிச்சாரு" என்றார். பிள்ளை எழுதிக் கொண்டு வந்தது: "என் தாத்தா விவசாயம் செய்து இரவில் கல்வி கற்றார்." பண்ணயம் போயிற்று, திண்ணை போயிற்று, ரவை போயிற்று.

கோவை நூலகர் எழுதியது:

பேச்சுப்படிக்கு நானும் சம்மதம். ஆனால் வட்டாரச் சொல்லை அப்படியே எழுதினால் தேடலில் அகப்படாது. பக்கத்தில் பொதுத்தமிழில் ஒரு குறிப்பும் கட்டாயம் வேண்டும்: ஊர், ஆண்டு, பேசியவர், கேட்டவர், பேசிய பொருள். இதற்கு "மேல்விவரம்" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் மெட்டாடேட்டா என்கிற இதற்கு "மீத்தரவு" என்று சிலர் எழுதுகிறார்கள், மீதித் தரவு போலக் கேட்கிறது.

ஊத்துக்குளி டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் நன்றிங்க. கடையில் கொடுத்தது இது: மேலே பெரிய எழுத்தில் "பள்ளிப் பழமை அறை". கீழே சின்ன எழுத்தில் "வாய்மொழி வரலாறும் பள்ளி ஆவணங்களும்". வருகிறவர்களிடம் மேல் வரியைச் சொல்வோம், அதிகாரிகள் பார்வைக்குக் கீழ் வரி. ஞாயிற்றுக்கிழமை விழா. முடிந்தவர்கள் வாருங்கள், பந்தி உண்டு.

கோவை நூலகர் எழுதியது:

மகிழ்ச்சி. என் பட்டியலில் ஆவணகம் என்றுதான் ஏற்றுவேன் என்பதையும் பதிந்துகொள்கிறேன்.

சீனாபுரத்தான் எழுதியது:

பழமையை வழக்குச் சொல்லாக ஒப்புகிறேன், கலைச்சொல்லாக ஒப்பவில்லை. அதிலும் ஒரு திருத்தம். வள்ளுவர் எழுதியது பழைமை, ஐகாரம் உண்டு. பலகையில் பழமை என்று போட்டால் பிள்ளைகள் அதையே பழகிக்கொள்வார்கள். கடைக்காரரிடம் ஒரு எழுத்தை மாற்றச் சொல்ல இன்னும் நேரமிருக்கிறதா?

ஊத்துக்குளி டீச்சர் எழுதியது:

அச்சாகிவிட்டதுங்க ஐயா. பழைமை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

சீனாபுரத்தான் எழுதியது:

அதற்குத்தான் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறோம். பழைமை/பழமை பற்றிப் புது இழை தொடங்குகிறேன்.