ஏலக்காய் ஸ்டோரில் ரோபோ கோல்ஃப்: விளையாட்டா, சூதா?

குமுளி ஏலக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

சில மாதங்களாகப் போனில் ஒரு மினி கோல்ஃப் ஆடி வருகிறேன். திரையில் தெரிவது வரைந்த மைதானம் இல்லை. வெளிநாட்டில் ஒரு கூடத்தில் நிஜமாகவே பச்சை விரிப்பு போட்டு, குழி வெட்டி, ஒரு சின்ன ரோபோவை நிறுத்தியிருக்கிறார்கள். நான் இங்கே திசையும் வேகமும் வைத்து விரலை எடுத்தால் ரோபோ அங்கே பந்தை அடிக்கிறது. பந்து ஓரத்தில் இடித்துத் திரும்புவதை, குழி விளிம்பில் ஒரு சுற்று சுற்றி வெளியே வருவதை நேரலையில் பார்க்கிறேன். அது கணினி போட்ட கணக்கு இல்லை, நிஜப் பந்து. அதில்தான் எனக்கு மயக்கம்.

அப்பாவின் பழைய ஏலக்காய் ஸ்டோர் இப்போது காலியாகக் கிடக்கிறது. காய் உலர்த்துவதைப் புது இடத்துக்கு மாற்றிவிட்டோம். நாற்பது அடி நீளம், நல்ல கூரை. அதில் நாலு தடம் போட்டு, இதே மாதிரி ரோபோ வைத்து, எந்த ஊரில் இருப்பவரும் போனில் ஆடும்படி செய்ய நினைக்கிறேன். 20 ரூபாய்க்கு மூன்று பந்து. அன்றைக்கு ஆட்டத்தில் முதலிடம் பிடிப்பவருக்கு 500 ரூபாய் பரிசு. செய்யலாமா?

கம்பம்மெட்டு

தம்பி, செய்யாதே. அந்த 500 ரூபாய்தான் விஷயம், ரோபோ இல்லை.

என் மைத்துனர் தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். 2020 கடைசியில் தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மிக்குத் தடை வந்தபோது அப்பாடா என்று இருந்தோம். அந்த நாட்களில் கேரளத்தில் தடை இல்லை. வீட்டில் இருக்கும்போது போனைத் தொடமாட்டார். மேலே போனதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து ஆடுவார். எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் பொழுதுபோக்கு. 2021 பிப்ரவரியில் கேரளமும் தடுத்தது, செப்டம்பரில் அங்கே உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. எல்லாத் தேதியும் எங்கள் வீட்டுக்கு மனப்பாடம். என் தங்கையின் நாலு பவுன் சங்கிலி போய்விட்டது.

அவரும் "இது திறமை ஆட்டம் மாமா" என்றுதான் சொன்னார்.

குமுளி ஏலக்காரன்

அண்ணே, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ரம்மியில் எந்தச் சீட்டு வரும் என்பது நம் கையில் இல்லை. இங்கே குறி பார்ப்பது முழுக்க நாம்தான். தூரத்தால் வரும் தாமதமும் இதில் குறுக்கே நிற்காது. கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பூமியின் அடுத்த பக்கம் போய்த் திரும்பினால்கூட அரை நொடிக்குள் முடிந்துவிடும். கார் பந்தயம் என்றால் அந்த நேரத்தில் வண்டி சுவரில் மோதிவிடும். கோல்ஃபில் பந்து நின்றுகொண்டு நமக்காகக் காத்திருக்கிறது. அடிக்கும்படி சொல்லிவிட்டால் மீதியை ரோபோ பார்த்துக்கொள்ளும்.

2001இல் நியூயார்க்கில் உட்கார்ந்த மருத்துவர்கள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் படுத்திருந்த ஒருவருக்கு ரோபோ மூலம் பித்தப்பையை எடுத்தார்களே, அப்போது இருந்த தாமதமே 155 மில்லி நொடிதான். அதற்கே போதும் என்றால் பந்துக்குப் போதாதா?

செங்கோட்டை வழக்கு

தாமதம் இருக்கட்டும் தம்பி, சட்டத்தைப் பார். "திறமை" என்று சொல்லித் தப்பிக்கும் கதவு மூடிவிட்டது.

முன்பு அந்தக் கதவு இருந்தது உண்மை. 1967இல் ஆந்திர அரசு தொடுத்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று சொன்னது. அதே ஆந்திரம் 2020 செப்டம்பரில் ஆன்லைன் ரம்மியைத் தடுத்தது. இப்படி மாநிலத்துக்கு மாநிலம் இழுபறியாக இருந்ததில், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆடுவது எதுவானாலும் பண ஆட்டம்தான். திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதே இல்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. மாட்டுவது நீதான்.

பந்து நிஜமானது, அதனால் இது ஆன்லைன் ஆட்டம் இல்லை என்று யாராவது உனக்குச் சொல்லித் தரலாம். நம்பாதே. உத்தரவு இணையத்தில்தானே போகிறது? பரிசே இல்லாமல் ஆடுவதற்கு மட்டும் கட்டணம் என்றால் அது வேறு கணக்கு. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஜீப் பட்டறை

நான் இந்த ரோட்டில் ஓடும் ஜீப்புகளைப் பிரித்து மாட்டுகிறவன். சட்டம் தெரியாது. ஆனால் "குறி பார்ப்பது முழுக்க நாம்தான்" என்று தம்பி எழுதியதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நின்று அடிக்கிறோம் என்று வை. ரோபோ ஒரு டிகிரி திரும்பி அடித்தால் குழிக்குப் போய்ச் சேரும்போது பந்து 52 மில்லிமீட்டர் விலகிவிடும். குழியில் பாதி 54. அதாவது ஒரு டிகிரியில் விளிம்பில் தொங்கும். இரண்டு டிகிரி என்றால் பந்து குழிப் பக்கமே வராது.

இப்போது சொல், ரோபோவின் மூட்டில் எவ்வளவு ப்ளே, அதாவது தளர்வு, இருக்கும்? ஸ்டியரிங்கில் ப்ளே இருந்தால் வளைவில் டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வண்டி அவர் பேச்சைக் கேட்காது. ரோபோவின் மூட்டைத் திருப்ப ஆன்லைனில் வாங்கும் மலிவு சர்வோ மோட்டாரைக் கையால் அசைத்துப் பார், பல்சக்கரத்தில் அந்த ஆட்டம் தெரியும். புதிதாக இருக்கும்போதே ஒரு டிகிரி இருக்கலாம். ஆயிரம் அடி அடித்த பிறகு? ஆடுகிறவர் சென்னையில் உட்கார்ந்து சரியாகத்தான் குறி வைப்பார். உன் ரோபோ அதை இடமும் வலமும் சிதறவிடும். அவருக்குக் காரணம் தெரியாது, தன் கைதான் பிசகியது என்று நினைத்து இன்னொரு 20 ரூபாய் போடுவார்.

அப்புறம் குமுளி மழை. ஜூனில் ஸ்டோருக்குள் விரிப்பு ஈரம் குடிக்கும், காலையில் ஓடிய பந்து சாயங்காலம் ஓடாது. 2016இல் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடக்கும் மைதானத்தில் எல்ட்ரிக் என்ற ரோபோ 16ஆம் குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டது. வீடியோ பார்த்தேன். அவ்வளவு செலவு செய்து கட்டிய இயந்திரத்துக்கே அது ஐந்தாவது முயற்சி.

பரிசு வைத்தால் அந்த ஒரு டிகிரி சூது. வைக்காவிட்டால் அது வெறும் ரிப்பேர் வேலை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வேறு கவலை.

திருவனந்தபுரத்து இளைஞர்கள் 2018இல் பாண்டிகூட் என்ற ரோபோவைக் கொண்டுவந்தார்கள். பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்காமல் அது இறங்கும். ரோபோவுக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. மனிதன் போகக் கூடாத இடத்துக்கு ரோபோ போகட்டும். விளையாட்டு அப்படியா? அது மனிதன் போக வேண்டிய இடம் இல்லையா?

எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒரு காலத்தில் மண்ணில் குழி தோண்டிக் கோலி ஆடுவார்கள். கட்டை விரலை ஊன்றி, நடுவிரலை வளைத்து, மூச்சை அடக்கிச் சுண்டுவார்கள். மண் ஈரமாக இருந்தால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும். இந்தக் கோல்ஃபும் குழிக்குள் உருண்டை போடுகிற ஆட்டம்தான். ஆனால் அந்த அறிவை விரலிடமிருந்து பிடுங்கி மோட்டாரிடம் கொடுத்துவிட்டு, பையனைக் கட்டிலில் உட்கார வைக்கிறீர்கள். குமுளியில் இருக்கும் பிள்ளைக்கு வாசலில் மலை இருக்கிறது!

தேவிகுளம் லயம்

டீச்சர், கட்டிலில் இருப்பவர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் அண்ணன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு ஜன்னல், அதில் தெரியும் தேயிலைச் சரிவு, அவ்வளவுதான் அவர் உலகம். போனில் எத்தனையோ கேம் ஆடிப் பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. "இதெல்லாம் உள்ளேயே நடக்குதுடா" என்பார். தம்பி சொல்லும் இந்த மாதிரி ஆட்டத்தை ஒருநாள் காட்டினேன். பந்து உருண்டு போய்க் குழியில் விழுந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, "நிஜமாவே எங்கேயோ ஒரு பந்து என்னால நகர்ந்திருக்கு" என்றார். அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

டோக்கியோவில் 2021 முதல் ஒரு கஃபே நடக்கிறது. அங்கே பரிமாறும் ரோபோக்களை ஓட்டுகிறவர்கள் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத உடல்நிலை கொண்டவர்கள், படுக்கையிலிருந்தே ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு அது சம்பளம் வாங்கும் வேலை. என் அண்ணன் சம்பளம் கேட்கவில்லை. 20 ரூபாய் கொடுக்கவும் தயார். 500 ரூபாய் அவருக்கு வேண்டவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

உங்கள் அண்ணனை நான் யோசிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் கட்டாயம் ஆடட்டும். ஆனால் ஓடக்கூடிய பிள்ளைகள் விஷயத்தில் என் பேச்சு மாறாது. ஸ்டோருக்கு நேரில் வரும் குழந்தைகள் கையால் அடிக்க ஒரு தடமாவது ரோபோ இல்லாமல் இருக்க வேண்டும்.

குமுளி ஏலக்காரன்

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. பரிசை எடுத்துவிடுகிறேன். செங்கோட்டை சார் சொன்னதால் பாதி, பட்டறை அண்ணன் சொன்னதால் மீதி. ஒரு டிகிரி கணக்கை நானே தரையில் நூல் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தோட்டம் ஒன்று வைத்து, நடுவில் ரோபோக் கை ஒன்றை நிறுத்தினார்கள். இணையத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் விதை போடலாம், தண்ணீர் ஊற்றலாம். அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவுக்குப் போன அந்தத் தோட்டம் 2004 வரை இருந்தது. அதில் யாரும் எதையும் ஜெயிக்கவில்லை, ஆனாலும் வந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பரிசு இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது.

நாலில் ஒரு தடம் டீச்சருக்கு, ரோபோ இல்லாமல். மூன்றில் ரோபோ. தேவிகுளத்து அண்ணனிடம் எப்போதும் காசு வாங்க மாட்டேன்.

கம்பம்மெட்டு

பரிசை எடுத்தது நல்லது. ஆனாலும் மூன்று பந்து மூன்று பந்தாக விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். மைத்துனர் முதல் நாள் போட்டது பத்து ரூபாய். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான் என்று எல்லை போடு. அதைச் செய்யும் வரை என் ஓட்டு எதிராகத்தான்.

குமுளி ஏலக்காரன்

அண்ணே, மாதக் கட்டணம் என்றால் ஒரு நாள் மட்டும் ஆட வருபவர் போய்விடுவார். ஆனால் நாளைக்கு இத்தனை பந்து என்ற எல்லை வைக்க முடியும். முப்பது?

கம்பம்மெட்டு

பன்னிரண்டு.

ஜீப் பட்டறை

எண்ணிக்கையை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடியுங்கள். தம்பி, ரோபோ வாங்கியதும் அதைப் பட்டறைக்கு எடுத்து வா. மூட்டில் பேரிங் போட இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். நூறு அடி அடித்து, பந்து எங்கெங்கே போய் நிற்கிறது என்று சுண்ணாம்பால் குறித்துப் போட்டோ எடு. அதை ஆடுகிறவர்கள் பார்க்கும் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். மாதம் ஒருமுறை புதுப் போட்டோ.