பனியில் அடிக்கும் வெயிலும் கண்ணும்: நம் பக்கத்து ஆட்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

பொங்கல் விடுமுறையை ஒட்டிக் குடும்பத்தோடு காஷ்மீரிலுள்ள குல்மார்க் போயிருந்தோம். ரோப் காரில் இரண்டாம் கட்டமும் ஏறினால் கிட்டத்தட்ட 3,900 மீட்டர் உயரம். பளீரென்ற வெயில், ஆனால் குளிரில் அது உறைக்கவே இல்லை. அயித்தான் கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு மதியம் வரை போட்டோ எடுத்தார். இறங்கி வந்து சாப்பிட்டோம், சீட்டு விளையாடினோம், ஒன்றுமில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் ஆரம்பித்தது. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் இமையைத் திறக்கவே முடியவில்லை, தண்ணீராய்க் கொட்டுகிறது, பாத்ரூம் லைட் பட்டாலே கத்துகிறார். காலையில் பார்த்த டாக்டர், இது பனிக்குருடு, புற ஊதாக் கதிர் பட்டுக் கருவிழியின் மேல்தோல் வெந்துவிட்டது, இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும் என்றார். ஆறிவிட்டது. நம் ஊரில் இதைப் பற்றி யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. வேறு யாராவது பட்டிருக்கிறீர்களா?

தேவகோட்டையிலிருந்து:

யாருக்கும் தெரியாதா? எங்கள் வெல்டிங் பட்டறைக்கு வாங்க, நாலு பேர் சொல்வார்கள். புதுசாய்ச் சேர்ந்த பையன் ஷீல்டு பிடிக்காமல் ராடு நுனியையே பார்த்துக்கொண்டு நிற்பான். சாயங்காலம் சிரித்த முகமாய் வீட்டுக்குப் போவான். நடுராத்திரி அவன் அம்மாவிடமிருந்து போன் வரும், ‘பிள்ளைக்குக் கண் போச்சுங்க’ என்று. ஆர்க் (வெல்டிங் சுடர்) அடித்துவிட்டது என்போம். உங்கள் அயித்தானுக்கு வந்ததும் அதே சங்கதிதான். ஆர்க்கிலிருந்து வருவதும் புற ஊதாதான். பட்டவுடன் தெரியாது. பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதனால்தான் ஆள் கண்ணை விட்டுவிட்டு ராத்திரி சாப்பாட்டைக் குறை சொல்வான்.

கை வைத்தியமும் நிறைய ஓடும். உருளைக்கிழங்கை வட்டமாய் அரிந்து கண்மேல் வைப்பார்கள், தாய்ப்பால் விடச் சொல்வார்கள். கிழங்கு குளிர்ச்சிக்கு இதமாய் இருக்கலாம், ஆனால் அதற்கு மூடிய இமைமேல் சுத்தமான ஈரத்துணியே போதுமே. கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். மேல்தோல் உரிந்து கிடக்கும் இடத்தில் கிருமி புகுந்தால் கதை வேறாகிவிடும்.

அதைவிட மோசம் மரத்துப்போகிற சொட்டு மருந்து. டாக்டர் சோதிக்கும்போது ஒரு சொட்டு விடுவார், வலி போன இடம் தெரியாது. ‘அதையே எழுதிக் கொடுங்க’ என்று பையன்கள் அடம் பிடிப்பார்கள். வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது, கருவிழியே கெட்டுப்போகும். இருட்டறை, வலி மாத்திரை, டாக்டர் தரும் கண்ணீர்ச் சொட்டும் களிம்பும், இவ்வளவுதான். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். 3 நாளில் குறையவில்லை, பார்வை மங்கலாகவே இருக்கிறது என்றால் சும்மா இருக்கக் கூடாது.

திருப்பத்தூர் பக்கமிருந்து, முன்னாள் ராணுவத்தான்:

லடாக்கில் இருந்திருக்கிறேன். வெயில் காயும் நாளில் எல்லோரும் கண்ணாடி போட்டுவிடுவார்கள். மேகம் மூடிய நாளில்தான் ஏமாறுவார்கள். மெல்லிய மேகம் புற ஊதாவை அவ்வளவாகத் தடுக்காது. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாவில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மணல் 15 சதவீதம்தான். போதாக்குறைக்கு, ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாவின் வீரியம் 10 சதவீதம் போலக் கூடும். தொப்பி மேலிருந்து வருவதை மறைக்கும், பனியிலோ கீழிருந்து அடிக்கிறது. பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடிதான் சரி. தொலைந்துவிட்டால் ஓர் அட்டையில் மெல்லிய கீறல் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். ஆர்க்டிக்கில் இனுயிட் மக்கள் எலும்பிலும் கொம்பிலும் மரத்திலும் அப்படித்தான் செய்து மாட்டியிருக்கிறார்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

மகன் கனடாவில் இருக்கிறான். பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் வெயில் அடித்தால் வாசலைப் பார்க்க முடியாது. சூரியன் உச்சிக்கே வராமல் நேராய் மூஞ்சியில் அடிக்கும். எனக்கு எதுவும் ஆகவில்லை, மருமகள் விடமாட்டாள், குப்பை போடப் போனாலும் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவாள். என் சந்தேகம் வேறு. தைமாசம் பழனிக்கு நடக்கிறோமே, மத்தியானத்துக்கு மேல் மேற்கு வெயில் முழுக்க எதிரில்தான். கண் எரிகிறது, நீர் வடிகிறது. அதுவும் இதுதானா?

கோட்டையூரிலிருந்து, கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்:

அது இது இல்லை ஆச்சி. தார் ரோடு பனி அளவுக்குத் திருப்பி அடிக்காது. தூசி, காற்று, கூச்சம் எல்லாம் சேர்ந்து எரியும். ஆனால் வருஷக்கணக்காய் வெயிலில் திரிகிறவர்களுக்குக் கண் ஓரத்தில் சதை வளர்வதற்கும், புரை சீக்கிரம் வருவதற்கும் புற ஊதா ஒரு காரணம்தான். அதனால் விளிம்புள்ள தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டே நடங்கள்.

கண்ணாடி வாங்கும்போது கறுப்பாய் இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். புற ஊதாவைத் தடுக்காத வெறும் கறுப்பு பிளாஸ்டிக் போட்டால் கண் பாப்பா இன்னும் விரியும், உள்ளே போவது கூடும். புற ஊதாவைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமாய் யுவி 400 என்று போட்டிருக்க வேண்டும். கோயில் வாசல்களில் விற்பதிலும் அந்த ஸ்டிக்கர் இருக்கும், அதை மட்டும் நம்பாமல் புற ஊதா மீட்டர் வைத்திருக்கும் கடையில் சோதித்துக்கொள்ளுங்கள், சில விநாடி வேலை. கண்ணாடியின் கறுப்பை வகை எண் போட்டுச் சொல்வார்கள்; நம் ஊர் வெயிலுக்கு 3-ஆம் வகை போதும். உயர்ந்த பனிமலைக்கு 4-ஆம் வகை, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

எந்த வகையானாலும் சூரியனை நேராகப் பார்க்க அது உதவாது. 2019 டிசம்பர் 26 அன்று வளைய கிரகணம் நம் தலைக்கு மேலேயே தெரிந்தபோது, கூலிங் கிளாஸ் போட்டால் பார்க்கலாமா என்று கடைக்கு வந்து கேட்டவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் சூரிய ஒளி விழித்திரையைச் சுடும். இந்தப் பனிக்குருடு மாதிரி வலித்துக் காட்டிக்கொடுக்காது, திரும்ப ஆறும் என்ற உத்தரவாதமும் கிடையாது.