செத்தா சாகட்டும்னு தோணாத த்ரில்லர் ஏதாவது இருக்கா?

கொஞ்ச நாளா எந்த ஹாரர், த்ரில்லர் நாவல் எடுத்தாலும் பாதியிலயே நின்னுடுது. மெயின் கேரக்டர் மேல எரிச்சல்தான் வருது, இவன் செத்தா சாகட்டும்னு தோணிட்டா அப்புறம் பயம் எங்கருந்து வரும்?

2015ல வந்த 'தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்' எடுத்தேன், ரேச்சல் குடிச்சிட்டு நடந்ததெல்லாம் மறந்துட்டு திரும்ப எக்ஸ் ஹஸ்பண்டுக்கே போன் போடுறா, முடியல. 'கான் கேர்ள்'ல நிக், ஏமி ரெண்டு பேருமே ஒட்டல, ஆடியோபுக்காவும் கேட்டுப் பாத்தாச்சு. கெட்டவனா இருக்கறது பிரச்சனையே இல்லங்க, 1955ல வந்த 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி'ல டாம் படகுல வச்சு துடுப்பாலயே ஃப்ரெண்டு டிக்கியை அடிச்சுக் கொல்றான், ஆனா போலீஸ் வர்றப்ப அவன் மாட்டிக்கக் கூடாதேன்னு எனக்கு கை வேர்க்குது (என்ன மாயமோ!).

தமிழ், இங்கிலீஷ் எதுவா இருந்தாலும் ஓகே, 'தி ஷைனிங்' படிச்சாச்சு. ஆள் மோசமா இருந்தும் புக்கை கீழ வைக்க விடாத ஹாரர் நாவல் ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?