புதுப்பிப்பு: சாப்பிட்டும் எடை இறங்கியது, காரணம் கோதுமை

ஓயாத உப்புசம், தளர்ந்த மலம், நன்றாகச் சாப்பிட்டும் இறங்கும் எடை, இதெல்லாம் எதனால் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

ஓமத் தண்ணீர் உப்புசத்தைச் சற்றுத் தணித்தது, அவ்வளவுதான். ‘கோதுமையை நிறுத்தும் முன்பே சீலியாக் என்ற குடல் நோய்க்கான டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை எடுங்கள்’ என்ற யோசனைதான் பலித்தது. முதலில் நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். ரத்தத்தில் பாசிட்டிவ், எண்டோஸ்கோப்பி பயாப்ஸியில் (குழாய் விட்டு எடுத்த குடல் திசுச் சோதனை) சீலியாக் உறுதியானது. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால், சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உள்சுவரில் உள்ள நுண்விரல்கள்) தேய்ந்துவிடுவதால் தின்பது உடம்பில் ஒட்டுவதில்லை. இரும்புச்சத்தும் குறைந்திருந்தது.

ரவை, மைதா, சேமியா, பார்லி மால்ட் பானம் எல்லாம் நிறுத்தி இட்லி, கேழ்வரகு, கம்புக்கு மாறியதும் மலம் கட்டியானது. எடை மெல்ல ஏறுகிறது.

எதிர்பாராதது பெருங்காயம்! கடைக் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு உண்டு, லேபிளைப் பாருங்கள். குடல் ஆறும்வரை பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.