முதல் கிளையன்ட் மீட்டிங்: மேனேஜர் தப்பான தேதி சொன்னால் அங்கேயே திருத்தலாமா?

புதுமுகம்:
எல்லோருக்கும் வணக்கம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அடுத்த வாரம் கிளையன்ட் ஆபீஸில் ஒரு மீட்டிங். மேனேஜர் என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார், மினிட்ஸ் (மீட்டிங்கில் எடுக்கும் முடிவுகளின் குறிப்பு) எடுப்பது என் பொறுப்பு. எங்கே உட்காருவது, லேப்டாப்பைத் திறக்கலாமா, நடுவில் பேசலாமா, ஒன்றும் புரியவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. டெஸ்டிங் முடியும் தேதி தள்ளிப்போயிருக்கிறது. போன வாரம் டீம் மீட்டிங்கில் மேனேஜர் பழைய தேதியைத்தான் சொன்னார். கிளையன்ட் முன்னாலும் அதையே சொல்லிவிட்டால்? திருத்தினால் அவருக்குத் தலைகுனிவு. பேசாமல் இருந்தால் தெரிந்தே மறைத்தது போல ஆகிவிடும். என்ன செய்யட்டும்?

குறிப்பேடு:
பல வருடங்களாக மீட்டிங்குகளில் மினிட்ஸ் எழுதும் வேலையில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கவலைக்கே முதலில் வருகிறேன், கனமான விஷயம் அதுதான்.

அந்தத் தேதியை மீட்டிங் நாள்வரை கையில் வைத்திருக்காதீர்கள். இன்றே மேனேஜருக்கு மெயில் போடுங்கள்: “டெஸ்டிங் முடியும் தேதி மாறியிருக்கிறது, காரணம் இது, புதுத் தேதி இது. கிளையன்டிடம் எதைச் சொல்லப்போகிறோம்?” கிளம்புவதற்கு முன் நேரிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தன் ஆளிடமிருந்தே புதுத் தகவலைக் கிளையன்ட் முன்னால் முதல்முறை கேட்கும் நிலை எந்த மேனேஜருக்கும் வரக் கூடாது. பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் வாய் தவறிப் பழைய தேதி வந்துவிட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தேதியை நம்பிக் கிளையன்ட் அங்கேயே ஏதாவது முடிவெடுக்கப் போகிறாரா? பேச்சோடு பேச்சாகச் சொன்னது என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேனேஜர் பக்கம் நகர்த்துங்கள், அவரே திருத்திக்கொள்வார். ஆனால் “அப்படியானால் எங்கள் ஆட்களுக்கு அந்த வாரமே ட்ரெயினிங் வைத்துவிடுகிறோம்” என்று கிளையன்ட் சொன்னால், நீங்கள் வாய் திறக்கத்தான் வேண்டும். “சார், அந்தத் தேதியில் சமீபத்தில் ஒரு மாற்றம் வந்தது. நாங்கள் சரிபார்த்து இன்று மாலைக்குள் உறுதி செய்கிறோம், அதன்பிறகு ட்ரெயினிங் தேதியை வைத்துக்கொள்ளலாமா?” இதில் யாரும் பொய்யராகவில்லை, கிளையன்டும் ஏமாறவில்லை. மேனேஜரின் முகத்தைக் காப்பதற்காகக் கிளையன்டைத் தப்பான தேதியில் திட்டம் போட விடுவது மரியாதையே அல்ல என்பேன்.

மினிட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். யார் என்ன பேசினார் என்று வரிக்கு வரி எழுத வேண்டாம். என்ன முடிவானது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள்: இந்த மூன்றும் இருந்தால் போதும். “டீம் பார்த்துக்கொள்ளும்” என்று யாராவது சொன்னால் மெதுவாக, “யார் பெயரைப் போடட்டும்?” என்று கேளுங்கள். புதியவர் கேட்கிறாரே என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மினிட்ஸ் எடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. முடியப்போகும்போது, “குறித்த முடிவுகளை ஒருமுறை வாசித்துவிடட்டுமா?” என்று அனுமதி கேட்டு வாசியுங்கள். புரிதலில் கோளாறு இருந்தால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடும்.

மேசையின்_அந்தப்பக்கம்:
நான் கிளையன்ட் தரப்பில் உட்காருகிறவன். எங்களுக்கு எது கண்ணில் படும் என்று மட்டும் சொல்கிறேன்.

பத்து நிமிடம் முன்னால் ரிசப்ஷனுக்கு வந்தால் நல்லது. அரை மணி முன்னால் வந்தால் உங்களை எங்கே உட்காரவைப்பது என்று நாங்கள்தான் அலைய வேண்டும். நாற்காலியை நாங்கள் காட்டும்வரை நில்லுங்கள். லேப்டாப் திறக்கலாம், “குறிப்பு எடுக்கத் திறக்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. சொல்லாமல் தட்டிக்கொண்டிருந்தால் மெயில் பார்ப்பதாகத்தான் நினைப்போம். ரெக்கார்ட் செய்வதானால் கட்டாயம் முன்கூட்டியே கேளுங்கள். ஸ்க்ரீன் ஷேர் செய்யும்போது முழுத் திரையையும் காட்டாதீர்கள், தேவையான விண்டோவை மட்டும் காட்டுங்கள், நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள். வேறொரு வாடிக்கையாளரின் மெயில் எங்கள் கண்முன் வந்து விழுந்தால், எங்கள் விவரமும் இப்படித்தான் இன்னோர் இடத்தில் விழும் என்று தோன்றும்.

பேசுவது பற்றிக் கேட்டீர்கள். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876-ல் கூட்டங்களுக்கான விதிமுறைகளை ஒரு நூலாக வெளியிட்டார். அதில் ஒரு விதி: ஒரே விஷயத்தில் ஒருவர் இரண்டாம் முறை பேசுவதற்கு முன், பேச விரும்பும் மற்றவர்கள் ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டும். பெரிய சபைகளுக்காக எழுதியது என்றாலும் ஆறு பேர் உட்காரும் அறைக்கும் பொருந்தும். உங்கள் மேனேஜரும் எங்கள் மேலாளரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கும் ஒரு இடைவெளி தேவை. உங்களிடம் நேராகக் கேள்வி வந்தால் தயங்காமல் பதில் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொல்லாமல், என்றைக்குள் சொல்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. லிஃப்டிலும் லாபியிலும் மீட்டிங்கைப் பற்றிப் பேச வேண்டாம். அங்கே பக்கத்தில் நிற்பவர் எங்கள் ஆளாகத்தான் இருப்பார்.

புதுமுகம்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேனேஜருக்கு மெயில் போட்டுவிட்டேன். “நல்லவேளை சொன்னாய், புதுத் தேதியையே சொல்வோம்” என்று பதில் வந்தது. ஒரே ஒரு சந்தேகம்: மினிட்ஸை நேராகக் கிளையன்டுக்கு அனுப்பலாமா?

குறிப்பேடு:
முதலில் மேனேஜர் பார்க்கட்டும், ஆனால் அன்றைக்கே கிளையன்டுக்குப் போய்விட வேண்டும். நாள் கடந்தால் ஆளாளுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். மேனேஜர் வாக்கியத்தை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். முடிவையே மாற்றச் சொன்னால், “என் குறிப்பில் அப்படி இல்லை சார், கிளையன்டிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு சேர்க்கட்டுமா?” என்று பணிவாகச் சொல்லுங்கள். வந்தவர் எல்லோருக்கும் அனுப்புங்கள், வர முடியாதவர்களையும் விடாதீர்கள். கடைசியில், “திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி. சப்ஜெக்ட்டில் மீட்டிங் தேதியைப் போட மறக்காதீர்கள், பின்னால் தேடி எடுக்க அது உதவும்.