செசிலியா இசைத்தொகுப்பு: மூன்றாம் பகுதி

அண்ணன்: வணக்கம். இசைக்குழு கேட்டிருந்த, இசையின் பாதுகாவலரும் மறைசாட்சியுமான புனித செசிலியாவைப் பற்றிய தொகுப்பில் முதல் இரண்டு பகுதிகள் முடிந்துவிட்டன. மூன்றாவது, அவருடைய திருமணம். அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன். அரங்கேற்றம் நவம்பர் 22, அவருடைய திருநாளன்றே.

சித்தி: திருமணத்தில் ஆர்கன் வேண்டாமா தம்பி? படங்களில் எல்லாம் ஆர்கனோடுதானே இருக்கிறார்?

அண்ணன்: பழைய வரலாற்றில் அவர் எதையும் வாசிக்கவில்லை சித்தி. மணவீட்டில் கருவிகள் முழங்க, அவர் தம் உள்ளத்தில் ஆண்டவரை நோக்கிப் பாடினார் என்றுதான் இருக்கிறது. வழிபாட்டுப் பாடலில் ‘உள்ளத்தில்’ என்பது விட்டுப்போனது. பிறகு ஓவியர்கள் அவர் கையில் ஆர்கனைக் கொடுத்துவிட்டார்கள்.

சித்தி: இத்தனை நாளும் எனக்கு இது தெரியாது. உள்ளத்தில் பாடியது இன்னும் அழகாக இருக்கிறது.

மாமா: அந்தப் பாட்டை ஓபோ குழலுக்குக் கொடு மாப்பிள்ளை. உருக்கமாக இருக்கும்.

நான்: ஓபோ வேண்டாம் மாமா. எத்தனை பேர் நடுவில் வாசித்தாலும் அது தனியாகக் கேட்கும். அந்த வீட்டில் அவர் பாடியது ஒருவர் காதிலும் விழவில்லை. மூன்றாம் கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்களில் வையுங்கள் அண்ணா, கூடவே தாழ்ந்த குரலுள்ள பித்தளைக் கருவியான யூஃபோனியம். மேலே ட்ரம்பெட்டுகள் கல்யாண நடனத்தை முழங்கட்டும். முதல் பாரிலிருந்தே, அதாவது முதல் தாள அளவிலிருந்தே, பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சட்டென்று எல்லோரும் நிறுத்தும்போதுதான் அது கேட்க வேண்டும்.

அண்ணன்: நிறுத்திய பிறகும் கிளாரினெட்டே வாசித்தால் அது இன்னொரு தனி வாசிப்பாகிவிடும். அந்த இடத்தில் மனிதக் குரல் வந்தால்?

நான்: வாசிப்பவர்களே வாய் மூடி ரீங்கரிக்கட்டும்! ஊதிக்கொண்டே ரீங்கரிக்க முடியாது. அதனால் மூன்றாம் கிளாரினெட்டுக்கும் ஹார்னுக்கும் நான்கு பார் முன்னதாகவே ஓய்வு கொடுங்கள். கருவியை மடியில் வைத்து, மூச்சை நிதானப்படுத்தி, யூஃபோனியத்திடமிருந்து சுருதியைப் பிடித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். மெட்டு ஐந்து சுரத்தைத் தாண்டக் கூடாது. எங்களில் பலர் பாடகர்கள் இல்லை.

மாமா: யூஃபோனியத்தை நம்பலாம். ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909இல் ஊதுகருவிக் குழுவுக்கு எழுதிய முதல் தொகுப்பில் எட்டு பார் மெட்டு ஒன்றைத் தொடங்குவது யூஃபோனியமும் டூபாவும்தான். மூன்று பகுதிகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. உன் ஐந்து சுரத்தையும் முதல் பகுதியிலேயே விதைத்துவிடு.

அண்ணன்: செய்கிறேன் மாமா. முதல் பகுதியின் டூபா வரியை மட்டும் மாற்றினால் போதும்.

மாமா: நான்காம் பகுதியில் பெரிய மேளத்தில் மூன்று அடி உண்டுதானே? அவரைக் கொல்லக் கழுத்தில் விழுந்த மூன்று வெட்டு.

சித்தி: உண்டென்றால் அதோடு முடித்துவிடாதே தம்பி. வெட்டுப்பட்ட பிறகும் மூன்று நாள் உயிரோடிருந்து, தம் வீட்டை ஆலயமாக்கும்படி கொடுத்தார் என்று படித்திருக்கிறேன்.

நான்: சித்தி சொல்வது சரி. ரோமில் திராஸ்தேவெரே ஆலயத்தில் சிற்பி மதெர்னோ 1600இல் செதுக்கிய சிலையைப் பாருங்கள். வாளும் இல்லை, கொலையாளியும் இல்லை. ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், முகம் அப்பால் திரும்பியிருக்கிறது, கழுத்தில் மெல்லிய கீறல் மட்டும்.

அண்ணன்: அப்படியானால் மேளம் மெதுவாகவே ஒலிக்கும், பஞ்சுத் தலைக் கோலால். மூன்றாம் அடி அடங்குவதற்குள் ரீங்காரம் திரும்பி வரும். இந்த முறை குழு முழுவதும்.

நான்: ட்ரம்பெட்டுகளுமா?

அண்ணன்: அவர்களும்தான். மாமா, யூஃபோனியம் வரியை இன்றிரவு அனுப்புகிறேன். மூச்சு எங்கே எடுக்கலாம் என்று பென்சிலால் குறித்து அனுப்புங்கள்.