கதவு எச்சரிக்கை விளக்கு அணையாமல் புறப்பாடு தாமதமானால் உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி – திருச்சிப் பயணி

சென்ற மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானத்தில் அம்மாவுடன் இரண்டாவது வரிசையில் அமர்ந்திருந்தேன். முன்கதவைச் சாத்திய பிறகும் விமானி அறையில் கதவுக்கான எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று கூறி, மீண்டும் திறந்தார்கள். தரைப் பொறியாளர் ஒருவர் வந்து, கதவைச் சுற்றியுள்ள ரப்பரை விரலால் தடவிப் பார்த்து, நிலைப்படியிலிருந்து மடங்கிக் கிடந்த ஒரு லக்கேஜ் டேக்கை எடுத்தார். பிறகு விமானி அறைக்குள் சென்று ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார். நாற்பது நிமிடத் தாமதத்திற்குப் பின் கிளம்பினோம். அம்மா வழி முழுவதும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காகிதத் துண்டை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பலாமா?

மறுமொழி – பராமரிப்புப் பொறியாளர்

நம்பலாம். கதவின் தாழ்கள் உரிய இடத்தில் பொருந்தியிருக்கின்றனவா என்பதை உணரிகள் கவனித்து விமானி அறைக்குத் தெரிவிக்கின்றன. இடையில் சிக்கிய போர்வை நுனியோ காகிதமோகூட அந்தப் பொருத்தத்தைக் கெடுக்கலாம். சில நேரங்களில் கதவு சரியாகவே இருந்து, உணரிதான் பழுதாகியிருக்கும். ஆனால் 'உணரிக் கோளாறாகத்தான் இருக்கும்' என்ற அனுமானத்தோடு எவரும் புறப்படக் கூடாது. கதவை நேரில் சோதித்து, விமானத்தின் பழுதுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே விமானம் நகர வேண்டும். தாங்கள் பார்த்ததும் அதுவே.

வானில் கதவு திறந்துகொள்ளும் என்ற அச்சம் தங்கள் அம்மாவுக்கு வேண்டாம். பெரும்பாலான பயணிகள் கதவுகள் முதலில் உட்புறமாகவோ மேல்நோக்கியோ நகர்ந்த பிறகே வெளியே செல்லும். உயரத்தில் உள்காற்றழுத்தம் அந்தக் கதவின் மீது பல டன் எடையாக அழுத்துவதால், எவராலும் அதை அசைக்க இயலாது.

மறுமொழி – முன்னாள் கேபின் பணியாளர்

பொறியாளர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உண்மையான ஆபத்து, கதவை மீண்டும் திறக்கும் அந்தத் தருணத்தில் இருக்கிறது. புறப்பாட்டுக்காகச் சாத்திய கதவில் அவசரகால ஸ்லைடு, அதாவது பயணிகள் வெளியே சறுக்கி இறங்கும் காற்றடைத்த சறுக்கு, 'ஆர்ம்' நிலையில் (கதவு திறந்ததும் தானாக விரியும் நிலையில்) இருக்கலாம். அதை மறந்து திறந்தால், ஸ்லைடு சில விநாடிகளில் பீறிட்டு விரியும். கீழே நிற்கும் ஊழியர் படுகாயமடையலாம். போயிங் 737-இல் ஆர்ம் செய்ததும் கதவின் சிறு சன்னலுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையை மாட்டுவோம். அது குறுக்கே இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து, சக பணியாளரையும் பார்க்கச் சொல்லி, வெளியே படிக்கட்டோ ஏரோபிரிட்ஜோ ஒட்டி நிற்கிறதா என்று உறுதி செய்த பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும். திறந்த வாயிலில் கட்டும் பட்டை ஓர் எச்சரிக்கை மட்டுமே. அதன் மேல் சாய்ந்தால் தாங்காது. தாமதம் ஆகிறதே என்று பயணிகள் முறைக்கும்போது இந்த வரிசையை விடாமல் செய்வது எளிதன்று.

மறுமொழி – பராமரிப்புப் பொறியாளர்

மிகச் சரி. கதவைச் சரிபார்ப்பதற்காக எதை மாற்றினோமோ அதைத் திருப்பி வைப்பதும் பழுதுபார்ப்பில் சேர்ந்ததே. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் கிளம்பிய ஹீலியோஸ் 522 விமானத்தை நான் மறப்பதேயில்லை. முந்தைய பயணத்தில் பின்பக்கக் கதவில் உறைபனியும் அசாதாரண ஒலியும் இருந்ததாகப் பணியாளர்கள் புகார் எழுதியிருந்தனர். இரவில் தரையில் அழுத்தக் கசிவுச் சோதனை நடந்தது, கசிவு இல்லை. ஆனால் அந்தச் சோதனைக்காக 'மேனுவல்' (கையால் இயக்கும்) நிலைக்குத் திருப்பிய, உள்காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் 'ஆட்டோ' (தானியங்கி) நிலைக்குத் திரும்பவில்லை. விமானிகளும் சரிபார்ப்புகளில் அதைக் கவனிக்கவில்லை. ஏறும்போது ஒலித்த அழுத்த எச்சரிக்கை, மேலெழும்புவதற்கு விமானம் சரியாக அமைக்கப்படவில்லை என்பதற்கான எச்சரிக்கையைப் போன்றே ஒலித்ததால், அதைத் தவறாகப் புரிந்துகொண்டனர். உள்காற்றழுத்தம் குறைந்து விமானிகள் மயங்க, விமானம் விழுந்து அதில் இருந்த 121 பேரும் உயிரிழந்தனர். கதவில் குறையே இல்லை.

கேள்வியாளர்

விளக்கங்களுக்கு நன்றி. பறக்கும்போது கதவருகே விசில் போன்ற ஒலி கேட்டால், பயணி சொல்லலாமா, வீண் பயம் என்று நினைப்பார்களா?

மறுமொழி – முன்னாள் கேபின் பணியாளர்

கட்டாயம் சொல்லுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தேய்ந்தால் அப்படிக் காற்று கசியக்கூடும். பெரும்பாலும் தொல்லை தருவதோடு நிற்கும். எந்தக் கதவு, ஏறும்போதா, சமதளமாகப் பறக்கும்போதா என்று குறிப்பிட்டுச் சொன்னால், நாங்கள் கேப்டனிடம் அப்படியே தெரிவிப்போம். தரையில் இறங்கியதும் பொறியாளர் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.